ஆம்பலேரியில் காலியாக நின்ற கலயம்

நலம் பெருகுக. ஏரி நிறைக. எழுத்தாணி பிழை செய்யாதிருக்க.

மணிநீர் நாட்டின் தனிப்பெருந்தலைவரும், மழைக்காலத்தில் ஏழாகவும் கோடையில் இரண்டாகவும் ஓடும் ஆறுகளின் அதிபதியும், ஆயிரவேழம் என்னும் விருதுப்பெயர் தாங்கியவரும், அப்பெயருக்குரிய யானைகளுள் இன்று பதினொன்றைத் தம் தொழுவத்தில் உடையவருமான வேழமுரசர் பெருமானின் திருவடிகளுக்கு, மந்திரச்சுற்றத்தில் ஐந்தாம் இருக்கையில் இருப்பவனும், அதற்கு முன் நான்காம் இருக்கையில் இருந்தவனுமாகிய கருவேலங்குடி ஆதன், ஆம்பலேரி ஊர்மன்றத்திலிருந்து வணங்கி எழுதும் ஓலை.

தேவரீரின் திருமேனி நலமும், பட்டத்தரசியாரின் நலமும், அரண்மனைக் கிளிகளின் நலமும் விழைகிறேன். ஆம்பலேரியின் அறுபது குடியினரும் நலம். அடியேனின் வயிறு மட்டும் நலமாக இல்லை. அதன் காரணம் உரிய இடத்தில் வரும்.

தேவரீர் அருளிய திருமுகம் நேற்று முற்பகலில் வந்து சேர்ந்தது. தலைமேல் வைத்து வணங்கிய பின் பிரித்து வாசித்தேன். ஏரியின் நடுவே நீராழி மண்டபம் எழுப்பும் எண்ணமே ஊரார் வாக்கில் வென்றது என்று தண்டநாயகர் கூற்றங்குடியார் விடுத்த செய்தி கேட்டுத் திருவுள்ளம் மகிழ்ந்ததாகவும், பதினொரு யானைகளும் பன்னிரண்டு கருங்கல் தூண்களை இழுத்துக்கொண்டு அன்றே புறப்பட்டுவிட்டதாகவும், நானூறு ஆட்கள் பின்னே வருவதாகவும், குடிகளின் மனத்தை இத்தனை விரைவில் அறிந்து சொன்ன அடியேனுக்கு நான்காம் இருக்கை மீண்டும் தரப்படும் என்றும் அதில் கண்டிருந்தது.

மண்டபம் வெல்லவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுவது எழுதுகிறவனுக்கும் வாசிக்கிறவருக்கும் நல்லது. யானைகள் இன்னும் மூன்று நாளில் இங்கே வந்து நிற்கும். வந்ததும் தூண்களை எங்கே இறக்குவது என்று பாகர்கள் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்லப்போகும் விடையில் ஒரு மனிதனின் உயிர் தங்கியிருக்கிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நான்காம் இருக்கையைப் பற்றி இந்த ஓலையில் வேறெங்கும் எழுதப்போவதில்லை.

சென்ற ஆண்டு இதே ஊருக்கு எது வேண்டும் என்று தேவரீர் கேட்டபோது மன்றத்தில் எழுந்த கூச்சல் திருவுள்ளத்தில் இருக்கும். யார் குரல் ஓங்கியதோ அவர் எண்ணம் நிறைவேறியது. அதன் பயனாக ஆம்பலேரியில் இன்று எழுபது முழ உயரத்தில் ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. மணியும் வேண்டும் என்று கேட்க அந்தக் கூச்சலில் எவருக்கும் தோன்றவில்லை. இப்போது அதில் வௌவால்கள் குடியிருக்கின்றன.

அந்த அனுபவத்தால் தேவரீர் இவ்வாண்டு வேறுவிதமாக ஆணையிட்டீர்கள். மழைக்கு முன் யானைகளும் ஆட்களும் சும்மா இருக்கும் நாற்பது நாளில் ஒரே ஒரு வேலைதான் முடியும். அது எது என்பதை ஊராரே தேர்ந்து சொல்லட்டும். கத்துகிறவன் வெல்லக் கூடாது, ஒவ்வொருவரும் தத்தம் மனத்தில் உள்ளதையே சொல்ல வேண்டும் என்பது அந்த ஆணை. ஆணையோடு திருவிரல் மோதிரத்தையும் கழற்றித் தந்து, இது பதிந்த ஓலை எம் வாக்கு, அதை யாமும் மீறோம் என்று அருளியதையும் பணிவோடு நினைவூட்டுகிறேன். அன்று மந்திரச்சுற்றத்தார் எல்லாரும் அருகே இருந்தனர். அவர்களுள் நால்வர் ஆரவாரம் செய்தனர்.

இங்கு வந்ததும் பறையறைந்து, எண்ணம் உடையவர் ஓலையில் எழுதித் தருக என்று அறிவித்தேன். முப்பத்தாறு ஓலைகள் வந்தன. புறாக்களுக்கு மாடம் வேண்டும் என்று ஒன்று. ஆலமரத்தில் ஊரார் எல்லாரும் ஆடத்தக்க பெரிய ஊஞ்சல் வேண்டும் என்று ஒன்று. பாம்புக்கடி மருத்துவரின் குடிசைக்கு நல்ல கூரை வேண்டும் என்று ஒன்று. சென்ற ஆண்டு கத்தி மணிக்கூண்டு வாங்கியவர், இவ்வாண்டு வௌவால்களை அகற்ற வேண்டும் என்று எழுதியிருந்தார். ஏரியின் அடிமடையை பகல்வெளிச்சத்தில் கூட வாசிக்க முடியாத சிறிய எழுத்தில் குறிப்பிட்டு, அதைச் சரிசெய்து தர வேண்டும் என்று சாத்தி என்னும் பெண் எழுதியிருந்தாள். முப்பத்தாறாவதாக வந்த ஓலையே நீராழி மண்டபம் கேட்ட ஓலை. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எளிய குடிமகன் என்று இருந்தது. அந்த எளிய குடிமகன் யார் என்று அடியேன் அறியேன். அவருடைய ஓலை புனுகு மணத்தது, பட்டு நூலால் கட்டியிருந்தது, அதைக் கொண்டுவந்தவன் குதிரையில் வந்தான் என்பதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல அடியேனிடம் ஒன்றும் இல்லை.

ஊர்க்கிழார் விண்ணனார் குயவர். அவரே முப்பத்தாறு கலயங்கள் வனைந்து தந்தார். ஒவ்வொரு கலயத்தின் கழுத்திலும் ஓர் ஓலையைக் கட்டி, எண்ணம் தந்தவர் பெயரும் தெரியும்படி மன்றத்தில் வரிசையாக வைத்தோம். குடிக்கு ஒருவராக அறுபது பேர். ஒவ்வொருவர் கையிலும் மூன்று புளியங்கொட்டை. மூன்றையும் ஒரே கலயத்தில் இடலாம், பிரித்தும் இடலாம். எந்தக் கலயத்தில் விதை மிகுதியோ அந்த வேலை நடக்கும். இதைவிட எளிய முறை உலகில் இருக்க முடியாது என்று அடியேன் அன்று காலையில் எண்ணியிருந்தேன்.

தண்டநாயகர் கூற்றங்குடியார் இவ்வூரில் பெண் எடுத்து வீடு கட்டியவர் ஆகையால் அறுபதின்மருள் ஒருவர். அவர் முதலாவதாக எழுந்தார். கலயங்களின் வரிசையைக் கடைசி வரை நடந்து பார்த்தார். மண்டபக் கலயத்தின் அருகே நின்று மூக்கை உறிஞ்சினார். பிறகு உரக்க இருமிவிட்டு மூன்று விதைகளையும் அதில் இட்டார். அடுத்தவர் அவர் முகத்தைப் பார்த்தார், அதிலேயே இட்டார். அதற்கடுத்தவரும் அப்படியே. நூற்றெழுபத்தொரு விதைகள் அந்த ஒரு கலயத்தில் விழுந்து, வாய் நிறைந்து, தரையிலும் சிந்தின. எஞ்சிய ஒன்பதில் ஆறு, சந்தைக்குப் போய்விட்டுப் பிந்தி வந்த இருவர் இட்டவை. மூன்று விதைகளைக் காணவில்லை. பல்லாங்குழிக்குக் கொடுத்தார்கள் என்று எண்ணி ஓர் அம்மையார் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார், பின்னர் தந்துவிட்டார்.

தண்டநாயகர் அந்தக் கணமே தேவரீருக்குக் குதிரை விட்டார். அந்தச் செய்தியைத்தான் திருவுள்ளம் கேட்டு மகிழ்ந்தது.

அடியேன் மறுநாள் ஊருக்குள் நடந்து, இட்டவருள் பதினைவரை நிறுத்தி, மண்டபத்தை எதற்காகத் தேர்ந்தீர் என்று கேட்டேன். முன்னால் போனவர் இட்டார், அதனால் இட்டேன் என்றே பதினைவரும் சொன்னார்கள். அந்த முன்னால் போனவரை ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டு போனதில், கடைசியில் தண்டநாயகர் வீட்டு வாசலில் போய் நின்றேன். தாம் யாருக்கும் எதையும் உணர்த்தவில்லை என்றும், மன்றத்தில் தூசி மிகுதி என்றும், அதனால் இருமினார் என்றும் அவர் விளக்கினார். ஆக, அறுபது குடிகளின் மனத்தை அறியப் போன அடியேன், ஒருவருடைய தொண்டையை அறிந்து திரும்பினேன். ஒவ்வொருவரும் தத்தம் மனத்தில் உள்ளதையே சொல்ல வேண்டும் என்ற ஆணைக்கு இது பொருந்தாது. எனவே அந்த வாக்கைத் தள்ளினேன். இது எனக்கு நல்லதில்லை என்று தண்டநாயகர் எச்சரித்தார். அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம்.

இரண்டாம் முறை கலயங்களைத் திரைக்குப் பின்னால் வைத்தேன். ஒவ்வொருவராக உள்ளே போய், எவரும் காணாமல் இட்டுவிட்டு வர வேண்டும். இருமலுக்கு இடமில்லை. எல்லாம் முடிந்தபின் அடியேனே எண்ணினேன். முதல் கலயத்தில் ஐந்து விதைகள். இரண்டாவதில் ஐந்து. மூன்றாவதில் ஐந்து. பத்தாம் கலயத்தில் வியர்க்கத் தொடங்கினேன். முப்பத்தாறு கலயங்களிலும், ஒன்று கூடாமல் ஒன்று குறையாமல், ஐந்தைந்து விதைகள் இருந்தன. மூன்று தடவை எண்ணினேன். மாடப்புறாவுக்கும் ஐந்து, மண்டபத்துக்கும் ஐந்து, வௌவாலுக்கும் ஐந்து.

வெளியே வந்து பார்த்தால் ஊரே முகமலர்ச்சியோடு நின்றது. விண்ணனார் மடியிலிருந்து ஓர் ஓலையை எடுத்து நீட்டினார். எந்தக் குடி எந்தெந்தக் கலயத்தில் இட வேண்டும் என்று தெருவாரியாக முறைவைத்து முந்தின நாளே எழுதிய பட்டியல் அது. நம் அரண்மனையில் காவல்முறை எழுதுகிறவர்கள் அதைப் பார்த்துப் பழகலாம். அவ்வளவு சுத்தமாக இருந்தது.

இவ்வூரின் வழக்கத்தைத் தேவரீருக்கு இங்கே சொல்ல வேண்டும். ஆம்பலேரியில் ஒருவருடைய பாத்திரம் நாலு பேர் முன்னால் காலியாக நிற்கக் கூடாது. நின்றால் அவமானம் பாத்திரக்காரருக்கு அல்ல, ஊருக்கு. விருந்துக்கு வந்தவரின் இலையையும் அப்படியே காக்கிறார்கள். வந்து பதினொரு நாளாகியும் அடியேன் என் இலையின் பச்சை நிறத்தைக் கண்டதில்லை. வயிற்றைப் பற்றி மேலே எழுதியதன் காரணம் இதுவே. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். எண்ணம் தந்தவரின் பெயரை எழுதிக் கலயத்தின் கழுத்தில் கட்டியது அடியேன். பெயர் எழுதிய காலிப் பாத்திரத்தை இந்த ஊரார் முன் வைத்தால் அவர்கள் வேறென்ன செய்வார்கள்? பிழை என்னுடையது.

அந்தப் பட்டியலை வாசித்துக்கொண்டே வந்தபோது சாத்தியின் பெயர் கண்ணில் பட்டது. மடையைச் சரிசெய்யக் கேட்டிருந்தவள் அவள் ஒருத்திதானே என்று பார்த்தேன். அவளுடைய முதல் விதை ஊஞ்சலுக்கு. இரண்டாவது புறாமாடத்துக்கு. மூன்றாவது நீராழி மண்டபத்துக்கு. அவளை அழைத்து, உன் கலயத்தில் நீ ஒன்றுகூட இடவில்லையே, ஏன் என்று கேட்டேன். அவள் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்.

"நம்ம கலயத்துல நாமளே போட்டுக்கிட்டா நல்லாவா இருக்கும்?"

அப்போது மடைக்கு என்ன குறை என்று கேட்டேன். அவள் என்னைக் கரைக்கு அழைத்துப் போனாள். அங்கே அவள் கணவன் கடம்பன் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தான். இடப்பக்கம் நின்று பேசினால் அவனுக்குக் கேட்காது என்று சொல்லி, என்னை வலப்பக்கம் நிற்கவைத்தாள்.

தேவரீர் ஏரியைப் படகிலிருந்து கண்டிருக்கிறீர்கள், அடியிலிருந்து கண்டதில்லை. அடியேனும் கண்டதில்லை. ஆம்பலேரியின் அடியில் ஒரு துளை இருக்கிறது. அதிலிருந்து கரைக்குக் கீழாக ஒரு கால்வாய் வெளியே போகிறது. அந்தத் துளையை ஒரு கல் அடைத்துக்கொண்டிருக்கிறது. மழையில் ஏரி நிறைந்து கரை உடையும் நிலை வந்தால், ஒருவன் நாலு ஆள் ஆழம் மூழ்கி அந்தக் கல்லைப் பெயர்க்க வேண்டும். பெயர்த்த உடனே நீர் துளைக்குள் இழுக்கும். அந்த இழுப்புக்குத் தப்பி அவன் மேலே வர வேண்டும். இதைச் செய்பவன் கடம்பன். அவனுக்கு முன் அவன் அண்ணன் செய்தான். நான்கு ஆண்டுக்கு முன் அண்ணன் மேலே வரவில்லை. கோடையில் நீர் வற்றிய பிறகுதான் அவனைக் கண்டெடுத்தார்கள்.

முன்பு கல்லில் ஓர் இரும்பு வளையம் இருந்தது, பிடித்து இழுக்கலாம். அது துருப்பிடித்து அற்றுவிட்டது. கல்லும் பிளந்து சேற்றில் சாய்ந்து கிடக்கிறது. சென்ற மழையில் கடம்பன் மூன்று தடவை மூழ்கி, கையால் சேற்றைத் தோண்டி, அதைப் பெயர்த்தான். மேலே வந்தபோது இடக்காதிலிருந்து குருதி வந்தது. அன்று போன கேள்வி இன்னும் வரவில்லை. இந்த ஆண்டு மழையிலும் அவனே இறங்க வேண்டும். பயமாக இல்லையா என்று அடியேன் கேட்டேன்; கேட்டிருக்க வேண்டாம்.

அவன் கயிற்றைக் கீழே வைக்காமலே சொன்னான்: "இந்த வருசம் இறங்குனா ஏற மாட்டேங்க. அது தெரியும். இறங்காம இருக்கவும் முடியாது, கீழத்தெரு முழுக்கக் கரைக்குக் கீழதான இருக்கு."

சாத்தி ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடியேன் குனிந்து அவன் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தேன். அரச ஓலையில் இப்படியெல்லாம் எழுதும் வழக்கம் இல்லை, எழுதிவிட்டேன்.

இப்போது நீர் வற்றி, மடையருகே இடுப்பளவுதான் நிற்கிறது. பழைய கல்லை யானைகளால் இழுத்து எடுத்துவிட்டு, புதுக்கல் வைத்து, அதன் இருபுறமும் கரை உயரத்துக்கு இரண்டு கல்தூண் நட்டு, நடுவே ஒரு நீண்ட இரும்புக்கோலைப் பொருத்தினால், மேலே நின்றபடியே மடையைத் தூக்கவும் இறக்கவும் முடியும். அதன்பின் எவரும் மூழ்க வேண்டியதில்லை. மழை வந்துவிட்டால் அடுத்த கோடை வரை இதைச் செய்ய முடியாது. சாத்தி தன் ஓலையில் கேட்டிருந்தது இவ்வளவே.

இதைக் கேட்டபின் அடியேனின் மனம் ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. மறைப்பானேன்? சாய்ந்த மனத்தோடு நானே முறை வகுத்தால் தண்டநாயகரின் இருமலுக்கும் எனக்கும் என்ன வேறுபாடு? ஆகவே மூன்றாம் முறையை வகுக்கும்படி மன்றத்தாரையே வேண்டினேன். இதுவரை இரண்டு தடவை விதை இட்டீர்களே, எந்தக் கேள்விக்கு விடையாக இட்டீர்கள் என்று கேட்டேன். யாருடைய எண்ணம் நல்லது என்பதே கேள்வி என்று நினைத்தோம் என்றார்கள். எல்லாருடைய எண்ணமும் நல்லதுதானே, அதனால் எல்லாருக்கும் கொடுத்தோம் என்றார்கள். அதில் குற்றம் சொல்ல முடியவில்லை. அடியேன் வேறு கேள்வியே கேட்டிருக்கவில்லை.

விண்ணனார், எது நல்லது என்று கேட்பதை விட்டுவிடலாம், அடுத்த ஆண்டு வரை எது பொறுக்காது என்று மட்டும் கேட்டுப் பார்ப்போம் என்றார். சபை அதை ஏற்றது. எண்ணம் தந்தவர்களின் பெயர்களைக் கழற்றிவிட அடியேன் கேட்டேன். முனகலோடு அதையும் ஏற்றது. பிறகு ஓலைகளை எல்லாருக்கும் கேட்க வாசித்தபோதுதான் இன்னொன்று வெளிப்பட்டது. கீழத்தெருவில் வெள்ளம் வராமல் காக்க வேண்டும் என்று ஓர் ஓலை. ஏரி நிறைந்தால் நீர் போக வேறு வழி வேண்டும் என்று ஓர் ஓலை. கடம்பனுக்குத் துணையாக இன்னோர் ஆள் மூழ்கப் பழக வேண்டும் என்று ஓர் ஓலை. கரை மண் சரிவதைப் பற்றி ஓர் ஓலை. இந்த நான்கும் சாத்தியின் ஓலையும் ஒரே மடையைத்தான் பேசுகின்றன. ஐந்தையும் ஒரே கலயத்தில் கட்டினோம். சந்தைப் பாதை பற்றிய மூன்று ஓலைகளையும் அப்படியே சேர்த்தோம். முப்பத்தாறு கலயம் முப்பதாயிற்று.

கலயங்களின் வாயைத் துணியால் மூடி, விதை நுழையும் அளவுக்குத் துளையிட்டு, திரைக்குப் பின்னால் வைத்தோம். தன் எண்ணத்துக்குத் தானே விதை இடுவது அரச ஆணைப்படி மரியாதைக் குறைவு அன்று என்று பறையறைந்து சொல்லச் செய்தேன். அப்படி ஓர் ஆணை இல்லை, தேவரீர் பொறுத்தருள்க. பட்டியல் எழுதுகிறவர் யாராயினும் அடியேனோடு அமர்ந்து மூன்று வேளை உண்ண வேண்டும் என்றும் சொன்னேன். ஒருவரும் எழுதவில்லை.

திறந்து எண்ணினோம். மடைக்குத் தொண்ணூற்றேழு. மருத்துவரின் கூரைக்கு நாற்பத்தொன்று. சந்தைப் பாதைக்குப் பதினான்கு. மற்ற இருபத்தாறு கலயங்களில் ஒன்றும் இரண்டுமாக இருபத்தெட்டு. ஊராரால் பழக்கத்தை முற்றாக விட முடியவில்லை என்பது இதில் தெரிகிறது. ஆனால் ஒரு கலயம் காலியாக இருந்தது. நீராழி மண்டபத்தின் கலயம் அது.

மடை வென்ற மகிழ்ச்சிகூட அந்நேரம் எவர் முகத்திலும் இல்லை. இவ்வூரில் நினைவு தெரிந்த நாளாக நிகழாதது நிகழ்ந்திருந்தது. எப்படி நேர்ந்தது என்று கேட்டபோது எல்லாரும் ஒரே விடை சொன்னார்கள்: அதில் தண்டநாயகர் எப்படியும் இடுவார், அதைப் பற்றிக் கவலையில்லை என்று ஒவ்வொருவரும் எண்ணிவிட்டார்கள். எல்லாரும் தண்டநாயகரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இருமினார். அவர் எதில் இட்டார் என்று அடியேன் கேட்கவில்லை. அவர் மனைவியின் தாய்வீடு கீழத்தெருவில் இருக்கிறது என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

பிறகு ஊரார் அந்த எளிய குடிமகன் யார், எந்த ஊர், எங்கே இருக்கிறார் என்று அடியேனைத் துளைத்தார்கள். கலயம் காலியானவரின் வீட்டுக்கு ஊரே ஏதாவது கொண்டுபோய்க் கொடுத்து, அவர் மனத்தைத் தேற்ற வேண்டுமாம். இதைச் செய்யாமல் மடை வேலையைத் தொடங்க மாட்டோம் என்று அறுபது குடியும் ஒரே குரலில் சொல்லிவிட்டது. ஆள் யாரென்று தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் அரசருக்கு அனுப்புங்கள், அவருக்குத் தெரியாத குடிமகன் இருக்க மாட்டான் என்றார்கள்.

எனவே இந்த ஓலையோடு, குடிக்கு ஒன்றாக அறுபது சாடி மாவடு இரண்டு வண்டிகளில் வருகின்றன. உரியவரை அரண்மனையில் விசாரித்து, அவரிடம் சேர்ப்பிக்க வேண்டுகிறேன். கலயம் காலியானது எண்ணத்தின் குறையன்று, எங்கள் கவனக்குறைவு. மனம் தளர வேண்டாம் என்று விண்ணனார் அவருக்குச் சொல்லியனுப்புகிறார்.

இனி, இந்த ஓலையில் பதிந்த மோதிரத்தின் பெயரால், கோட்டை வாயிலில் நிற்பவர் முதல் சிங்காதனத்தில் அமர்ந்தவர் வரை எவரும் மீறாமல் நடத்த வேண்டியவை.

வழியில் வரும் பதினொரு யானைகளும் நானூறு ஆட்களும் நேரே ஏரியின் மடைக்கே வருக. பன்னிரண்டு தூண்களுள் இரண்டு மடைத்தூணாக நடப்படுக. திருமுகத்தில் கண்ட அளவை மடையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், வெட்டத் தேவையில்லாமல் பொருந்துகின்றன. அந்த எளிய குடிமகன் நீரின் நடுவே தூண் நிற்பதைக் காண விரும்பினார் ஆகையால், இது அவருக்கும் ஓரளவு ஆறுதலாகும் என்று நம்புகிறேன். மீதிப் பத்துத் தூண்களும் கரையில் அடுக்கிவைக்கப்படுக. மண்டபத்தின் எண்ணம் அடுத்த ஆண்டு மீண்டும் கலயம் பெறத் தடையில்லை. மழைக்கு இன்னும் முப்பத்தெட்டு நாள் இருக்கிறது. வேலைக்கு முப்பத்தைந்து நாள் ஆகும் என்று தச்சர் சொல்கிறார். ஆகவே யானைகளை எந்த ஆணையும், எவருடைய ஆணையும், ஒரு நாள் தடுத்து நிறுத்தினாலும் கடம்பன் மூழ்க வேண்டிவரும் என்று அறிக. அடுத்த ஆண்டு முதல் இந்த நாட்டில் ஊர்வாக்கு எடுக்கும் இடங்களில் கலயத்தில் பெயர் எழுதப்படாதிருக்க. கேள்வி முதலில் ஓதப்படுக. அரண்மனைப் புனுகு அன்று பூட்டிவைக்கப்படுக.

கடைசியாக ஒன்று. அறுபதாம் சாடி சாத்தியுடையது. அதன் மூடியின்மேல் துணிக்கிழியில் மூன்று புளியங்கொட்டைகள் கட்டியிருக்கும். வண்டி புறப்படும் நேரத்தில் அவள் ஓடிவந்து அதைக் கட்டிவிட்டுச் சொன்னதையும் அப்படியே எழுதுகிறேன்: "அடுத்த வருசம் என் மூணும் அவருக்குத்தான்னு சொல்லிருங்க. அவருக்குத் தெரியட்டும்." கடம்பன் கரையில் நின்று தலையசைத்தான். அவனுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

அந்த மூன்று விதைகளும் எலி தொடாத இடத்தில், அடுத்த கோடை வரை, சாடிகளுக்கு உரியவரின் கையாலேயே காக்கப்படுக. இது ஆணை.

ஆம்பலேரி ஊர்மன்றத்தில், மழைக்கு முன் முப்பத்தெட்டாம் நாள் முற்பகலில், அறுபது குடியினர் பார்த்திருக்க, வேழமுரசர் பெருமானின் திருவிரல் மோதிரம் பதித்து முடித்தது.